பெர்சியஸ் வரும் நேரம்

"அந்தா, அகப்பைக்கு நேர பாருங்கோ. உவதான் கசியோப்பியா. தன்ர மகள் கடல்கன்னியரையும் விட வடிவு எண்டு பீத்தின ராணி."

அடுப்பில் மரவள்ளிக்கிழங்கு தீய்ந்துகொண்டிருந்தது. அகப்பையை வானத்துக்கு நீட்டி நின்ற சிவமலர் டீச்சருக்கு அதெல்லாம் எங்கே கண்ணில் படும்? ஜப்பான்காரன் வந்து பிரிக்பீல்ட்ஸ் ஆங்கிலப் பள்ளியை மூடிவிட்டான்; டீச்சரின் வாயை மூட அவனாலும் முடியவில்லை. விளக்கேற்றக் கூடாது என்று உத்தரவு. ரயில்வே குடியிருப்பே இருண்டு கிடக்க, கிரேக்கக் கதைகளுக்கு ஏகப்பட்ட கிராக்கி.

"வானத்துக்குப் போயும் வாய் அடங்கலயா லா?" என்றாள் பக்கத்து வீட்டு மைமூன்.

"தலைகீழாத் தொங்க விட்டும் அடங்கேல்லை."

சிரிப்பு ஓய்ந்ததும் மகள் அந்திரோமேதா வந்தாள். அம்மா அடித்த பெருமைக்கு மகளைக் கடல் பூதத்துக்கு இரையாகப் பாறையில் சங்கிலியால் கட்டிவிட்டார்கள். கேட்டுக்கொண்டிருந்த சீதாலெட்சுமியின் முகம் சுருங்கியது. அவள் கணவர் இராமலிங்கத்தை லோரியில் ஏற்றிச் சயாமுக்குத் தண்டவாளம் போட ஜப்பான்காரர்கள் கொண்டுபோனதுதான்; பிறகு ஒரு தகவலும் இல்லை.

"யாரு வந்து அவுத்து விடுவா டீச்சர்?"

"பெர்சியஸ் எண்ட வீரன். அவளுக்குப் பின்னால வானத்தில எழும்பி வருவான்."

வரத்தான் விடவில்லை. கடிகாரங்களைத் தோக்கியோ நேரத்துக்கு முன்னால் தள்ளி வைத்திருந்ததால், இருட்டிய கொஞ்ச நேரத்திலேயே ஊரடங்கு. பெர்சியஸ் தலைகாட்டுமுன் எல்லோரும் கதவடைக்க வேண்டியதுதான். மறுநாளும் அதே கதை. சீதாலெட்சுமி சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மைமூன் வந்து சொன்னாள். இந்தக் கதையை ஏன்தான் எடுத்தோமோ என்று டீச்சர் தன்னையே திட்டிக்கொண்டார்.

ஆனாலும் அவர் பொய் சொல்லவில்லை. "நட்சத்திரம் ஒவ்வொரு நாளும் கொஞ்சம் முந்தி எழும்பும், பிள்ளை. எந்தக் கடிகாரத்தாலயும் அதை மறிக்கேலாது. பொறுங்கோ."

தீபாவளி போனது. நடுவில் விடாத மழை வேறு. கார்த்திகைத் தீபம் கழிந்த வாரத்தில் ஒரு நாள் வானம் தெளிந்தது. ஊரடங்குச் சங்கு ஊத இன்னும் நேரமிருந்தது. டீச்சர் குடியிருப்பையே கூவி அழைத்தார். மாமரத்துக்கு மேலே, அந்திரோமேதாவுக்குக் கீழே, பெர்சியஸ் முழுசாக நின்றான்.

சீதாலெட்சுமி கழுத்து வலிக்கப் பார்த்தாள். "இவருதானா? வந்துட்டாரா?"

"வந்திட்டான்."

"அப்ப நம்ம வீட்டுக்காரரையும் யாராச்சும் அவுத்து விடுவாங்க, டீச்சர்."

சீதாலெட்சுமி வீட்டுக்குள் ஓடி, சீப்போடு திரும்பினாள். கணவர் போனதிலிருந்து அள்ளி முடிந்தே கிடந்த கூந்தலை அவிழ்த்துவிட்டு, சீப்பை டீச்சரிடம் நீட்டி, முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.