போட்டுக் கழற்றிய ஸ்வெட்டர்

ஈரக் கம்பளிக்கு ஒரு வாசனை உண்டு. பூந்திக்கொட்டை ஊறிய நுரைத் தண்ணீரில் அலசி, கயிற்றுக் கட்டிலில் பழைய போர்வையை விரித்து அதன்மேல் வெயிலில் உலர்த்தினால், பாதி ஆட்டுக்கொட்டிலும் பாதி எண்ணெய்க் குளியலுமாக அது கிளம்பும். எழுபதுகளின் கடைசியில் ஒரு குளிர்காலம் முழுவதும் கிட்வாய் நகரில் எங்கள் குவார்ட்டர்ஸின் புல்வெளியில் அந்த வாசனைதான். டில்லிக் குளிர் என்றதும் மற்றவர்களுக்கு மூடுபனியும் சுடச்சுட வேர்க்கடலையும் நினைவுக்கு வரும். எனக்கு, ஒரு சாண் நீளமுள்ள ஸ்வெட்டர்கள் வரிசையாகக் கையை விரித்துப் படுத்துக்கொண்டு வெயில் காய்வதுதான் நினைவுக்கு வருகிறது.

அப்பாவுக்கு ஊர் திருநெல்வேலி, வேலை ஒரு அமைச்சகத்தில் குமாஸ்தா. நான் பிறந்தது வளர்ந்தது எல்லாம் டில்லியில். அப்போது எனக்கு ஒன்பது வயது; தமிழ் பேசுவேன், எழுத்துக்கூட்டிப் படிப்பேன், சண்டை போடுவதற்கு மட்டும் ஹிந்தி. அந்த வருடம் மழைக்காலத்தில் எனக்கு ஒரு தம்பி பிறந்திருந்தான். கண்ணன் என்று முறையாகப் பெயர் வைத்தும் பிளாக் முழுவதும் அவனை ‘லட்டு’ என்றே கூப்பிட்டது. அவ்வளவு குண்டு.

அப்பாக்கள் எல்லோரும் சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஆபீசுக்குப் போனபின், புல்வெளிக்கு வெயில் வந்துசேரும் பத்தரை மணிக்குப் பெண்கள் பாயும் பின்னல் பையுமாக வெளியே வருவார்கள். முதுகை வெயிலுக்குக் கொடுத்து உட்கார்ந்து, வெயில் நகர நகரத் தாங்களும் நகர்ந்து, மூன்று மணிக்குள் புல்வெளியின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் போயிருப்பார்கள். எதிர் வரிசையிலிருந்த பஞ்சாபிக்காரர் ஸத்யா ஆன்ட்டிதான் தமிழ்ப் பெண்கள் அத்தனை பேருக்கும் பின்னல் வாத்தியார். அவர் ஊசியைப் பார்க்கவே மாட்டார். வம்பும் ஆரஞ்சுச் சுளையும் ஒருபக்கம் நடக்கும், விரல்கள் பாட்டுக்கு ஒருபக்கம் ஓடும். என் அம்மாவோ நேர்க் கண்ணிக்கும் தலைகீழ்க் கண்ணிக்கும் ஹிந்தியில் ‘சீதா, உல்டா, சீதா, உல்டா’ என்று ஜபம் செய்துகொண்டே பின்னுவாள். யாராவது குறுக்கே பேசிவிட்டால் கணக்குத் தப்பி வரி முழுவதையும் பிரிக்க வேண்டியதுதான். லட்டுவுக்காக அவள் முதன்முதலில் பின்னிய கடுகு நிற ஸ்வெட்டரில் நெஞ்சுப் பக்கம் ஒரு மேடு விழுந்துவிட்டது. அது டிசைன் என்று அப்பாவை நம்பவைத்திருந்தாள்.

பக்கத்து பிளாக்கில் ஏலியம்மா சிஸ்டர் இருந்தார். பெரிய அரசாங்க ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவ வார்டில் நர்ஸ், கோட்டயத்துக்காரர். ஒருநாள் டியூட்டி முடிந்து வந்தவர் புல்வெளியில் உட்கார்ந்து, கட்டட வேலை செய்யும் பெண்கள் பிரசவத்துக்கு வரும்போது குழந்தையைச் சுற்ற ஒரு சேலைத் துண்டைத் தவிர வேறெதுவும் கொண்டுவருவதில்லை, டில்லிக் குளிருக்கு அது எந்த மூலைக்கு என்று சொல்லி வருத்தப்பட்டார். வார்டில் பிறக்கும் குழந்தைக்கெல்லாம் ஒரு ஸ்வெட்டரும் தொப்பியும் கொடுக்க ஆஸ்பத்திரியில் ஆசைதான், பின்னித் தர ஆள் வேண்டும் என்றார். அவ்வளவுதான். எங்கள் பிளாக்கின் தலைவி, யாரும் தேர்ந்தெடுக்காமலே தலைவியாக இருந்த தஞ்சாவூர் விசாலம் மாமி, அங்கேயே ஒரு திட்டம் போட்டுவிட்டார். வீட்டுக்கு ஒரு நூல் கண்டு. பின்னத் தெரிந்தவர்கள் பின்னுவது, தெரியாதவர்கள் அவர்கள் வீட்டுக் காய்கறியை நறுக்கித் தருவது. என் இரண்டு கைகளும் நூல் சுற்றுவதற்கான ஸ்டாண்டாகச் சேர்த்துக்கொள்ளப்பட்டன.

மாமி ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். “குடுக்கறது எல்லாம் புதுசா இருக்கணும். போட்டுக் கிழிச்சதைத் தள்ளிவிடறதுக்குப் பேரு தர்மமா? அதுக்குப் பேரு பரண் ஒழிக்கறது.” எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கும் அது மிக உயர்ந்த பேச்சாகத் தோன்றியது. சரோஜினி நகரில் புது நூல் வாங்கி, மஞ்சளும் பச்சையும் வெள்ளையுமாக இரண்டு டஜன் தேறியபோது, இஸ்திரி போட்டு மடித்து, ஒவ்வொன்றையும் ஒரு சாட்டின் ரிப்பனால் கட்டி, கல்யாணச் சீர் போல எடுத்துக்கொண்டு போய் வார்டில் கொடுத்துவிட்டு வந்தார்கள்.

அடுத்த வாரம் பார்க்கப் போனார்கள். வார்டுக்குள் சிறுவர்களை விடமாட்டார்கள் என்பதால், நான் லட்டுவை மடியில் வைத்துக்கொண்டு வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே நடந்ததை அம்மா பிற்பாடு பல தடவை சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒரு குழந்தை உடம்பிலும் ஸ்வெட்டர் இல்லையாம். எல்லாக் குழந்தையும் பழைய சேலைத் துண்டில். ஸ்வெட்டர்கள் ரிப்பன்கூட அவிழாமல் தலையணைக்கு அடியில் இருந்தன. மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. “கடைவீதியில விக்கப் போறாளா என்ன?” என்று ஒரு கட்டிலருகே நின்று தமிழில் சொன்னார், அங்கே யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில்.

அந்தக் கட்டிலில் இருந்தவளுக்குப் புரிந்தது. கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து கல் சுமக்க வந்த முனியம்மா அவள். பக்கத்தில் ஒரு முழம்கூட இல்லாத ஆண் குழந்தை, பிறந்து இரண்டு நாள். கை விரல்கள் நீலம் பாரித்திருந்தன. அதற்குச் சூடு தங்கவில்லை, உடம்பை மூடியே ஆகவேண்டும் என்று சிஸ்டர் காலையிலிருந்து அவளோடு மன்றாடிக்கொண்டிருந்தார். முனியம்மா எழுந்து உட்கார்ந்தாள்.

“கோச்சுக்காதீங்கம்மா. நீங்க மவராசியா இருக்கணும். விக்கறதுக்கில்லம்மா. பச்சப் புள்ளைக்குப் புதுசு ஆவாது. முன்ன பொறந்த ரெண்டும் தங்கல எனக்கு. நல்லாருக்கற புள்ள போட்டுக் கழட்டுன பழசு ஏதாச்சும் இருந்தா குடுங்கம்மா.”

இதில் வேடிக்கை என்னவென்றால், அங்கே நின்ற பெண்கள் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் செய்தது அதையேதான். லட்டு பிறப்பதற்கு முன் அப்பாவின் பழைய வேஷ்டியைக் கொதிக்கவைத்து அம்மா துண்டு துண்டாக வெட்டி அடுக்கியிருந்தாள். பெயர் வைக்கும் நாள்வரை அவன் உடம்பில் புதுத்துணி படவில்லை. மாமியின் மூன்று பிள்ளைகளும் அப்படித்தான். ஸத்யா ஆன்ட்டிகூட, விஷயம் சொல்லப்பட்டதும், “அரே பாபா, எங்க வீட்லயும் அதானே, பூல் கயீ, மறந்தே போனேன்!” என்று தலையில் தட்டிக்கொண்டார். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. கொடுக்கப் போகிற ஜோரில், வாங்கிக்கொள்கிறவளும் தங்களைப் போல ஒரு தாய் என்பது அத்தனை பேருக்கும் மறந்துபோயிருந்தது.

அம்மா விறுவிறுவென்று வராந்தாவுக்கு வந்தாள். என் மடியில் இருந்தபடியே லட்டுவின் கைகளை உருவி அந்தக் கடுகு நிற ஸ்வெட்டரைக் கழற்றினாள், தன் சால்வையை எடுத்து அவனைச் சுற்றினாள், உள்ளே போய்விட்டாள். நான் கதவிடுக்கு வழியாகப் பார்த்தேன். முனியம்மா அந்த ஸ்வெட்டரை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அதில் லட்டுவின் பால் வாசனை இருந்திருக்கும். பிறகு தலையை அசைத்தாள். துவைக்காத துணியைக் குழந்தைகளிடம் அண்டவிடாத சிஸ்டர் அன்று மட்டும் முணுமுணுத்துக்கொண்டே அதை ஹீட்டர் முன் பிடித்துச் சூடாக்கிப் போட்டுவிட்டார். சாக்குப் பைக்குள் ஒரு வெள்ளரிப்பிஞ்சைப் போட்டது போலிருந்ததாம். கால் வரை மூடி அடியில் ஒரு நாடாவால் கட்டினார்கள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் எனக்கு ஒரே பயம். ஆரோக்கியம் ஸ்வெட்டர் வழியாகப் போகும் என்றால், லட்டுவிடமிருந்து போனது போனதுதானே? அவனுக்கு மிச்சம் இருக்குமா? கேட்டேவிட்டேன். அம்மா பஸ் ஸ்டாப்பில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். “போடி கோட்டி, கிறுக்கு. இவன் தேஞ்சா போயிருவான்? இவன்கிட்ட இருக்கது ரெண்டு ஆளுக்குக் காணும்” என்றாள். எனக்கு முழுக்க நம்பிக்கை வரவில்லை. அந்த வாரம் தினமும் காலையில் எழுந்ததும் லட்டுவின் தொடையைக் கிள்ளிப் பார்த்தேன். அவன் வீறிட்டு அழும்போது நிம்மதியாக இருக்கும். உடனே, அந்தக் குழந்தை எப்படி இருக்கிறதோ என்று நினைப்பு ஆஸ்பத்திரிக்கு ஓடிவிடும்.

மாமி தோல்வியை ஒப்புக்கொள்கிறவர் இல்லை, சட்டத்தைத் திருத்தினார். இனி எந்த ஸ்வெட்டரும் பிளாக்கில் ஆரோக்கியமான ஒரு குழந்தை போட்டுக் கழற்றிய பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போகும். சிஸ்டர் தன் பங்குக்கு, கழற்றிய பின் அலசி நல்ல வெயிலில் உலர்த்தித்தான் வரவேண்டும் என்று கறாராகச் சொல்லிவிட்டார். இந்த வேலைக்கு மூன்று குழந்தைகள் தேறினார்கள்: லட்டு, ஸத்யா ஆன்ட்டியின் பேரன், ஒரு வங்காளி வீட்டுப் பெண் குழந்தை. அந்தப் பெண் குழந்தை ஒருநாள் இரண்டு தும்மல் போட்டதற்காக ஒரு வாரம் நீக்கிவைக்கப்பட்டாள். லட்டுவுக்குத்தான் முழுநேர உத்தியோகம். பச்சைக் குழந்தை அளவு ஸ்வெட்டர் அவன் உடம்பில் ஏறாதே என்று அம்மா கேட்டதற்கு மாமி கொஞ்சமும் யோசிக்காமல், “ஒரு கை நுழைஞ்சா போறும், சாஸ்திரம் கண்டுக்காது” என்று தீர்ப்புச் சொன்னார். காலைக் குளியல் முடிந்ததிலிருந்து மத்தியானத் தூக்கம்வரை வலது கையில் ஒன்று, இடது கையில் ஒன்று, தலையில் ஒரு தொப்பி, மடியில் அடுத்த ஷிப்டுக்கு ஒன்று என்று அவன் கொலு வீற்றிருப்பான். கையில் அகப்பட்டதை ஈறால் கடித்துச் சப்புவான். அதனால் இன்னும் நல்லது என்பார் மாமி.

வார்டில் தலையணைக்கு அடியில் தூங்குவதற்குப் பதில் ஸ்வெட்டர்கள் அதன்பின் குழந்தைகள்மேல் ஏறின. கொடுக்கும்போது, இது இந்த மாதிரி ஒரு பையன் போட்டுக் கழற்றியது, அவன் இத்தனை குண்டு என்று ஸத்யா ஆன்ட்டி ஹிந்தியில் கைகளை அகட்டிக் காட்டுவாராம். பெண்கள் வாங்கி உடனே போட்டுவிடுவார்களாம்.

முனியம்மாவின் குழந்தை மூன்று வாரம் அங்கே இருந்தது. வெள்ளிக்கிழமை தவறாமல் அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்து, இன்று பால் குடித்தான், இன்று கத்தினான் என்பாள். அப்புறம் ஒரு வெள்ளி போனபோது அந்தக் கட்டிலில் வேறு யாரோ. அம்மா கட்டில் கட்டிலாகத் தேடினாளாம். அங்கே ஓடிவந்த ஏலியம்மா சிஸ்டர், “ஐயோ சேச்சி, பயப்படாதீங்க, நேத்து வீட்டுக்குக் கொண்டுபோயி! ரெண்டு ஸ்வெட்டரும் போட்டுட்டுத்தானே போனது” என்றாராம். உள்ளே லட்டுவுடையது, அதற்கு மேல், ரிப்பனை அவிழ்த்து, தலையணைக்கடியில் வைத்திருந்த புதுசு. அதைச் சொல்லும்போது அம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அன்று எங்கள் வீட்டில் ரவா கேசரி.

இன்றைக்கு அந்த குவார்ட்டர்ஸ் இல்லை. இடித்து, அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கிற உயரத்துக்குக் கட்டிவிட்டார்கள். மாமி போய் வருடங்கள் ஆகின்றன. அம்மாவும் போய்விட்டாள். பின்னல் ஊசியைக் கையில் பிடித்த பெண்ணை டில்லியில் நான் கடைசியாக எங்கே பார்த்தேன் என்று யோசித்தால் நினைவுக்கு வரவில்லை. லட்டு பெங்களூரில் இருக்கிறான். இன்னும் குண்டு.

போன டிசம்பரில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் முத்திரை போட்ட பொட்டலத்தில் எல்லாம் புத்தம் புதுசாகக் கொடுத்தார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. பழசு ஒன்று வேண்டும் என்று தோன்றியது. எங்கள் அடுக்ககத்தில் பதினெட்டு மாடி. எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. வாட்ஸாப் குழுவில் கேட்கலாமென்று எழுதி, என்ன நினைப்பார்களோ என்று அழித்துவிட்டேன். புலம்பலைக் கேட்டுக்கொண்டே பாத்திரம் தேய்த்த செல்வி, எங்கள் வீட்டில் வேலை செய்பவள், மறுநாள் ஒரு பிளாஸ்டிக் கவரைப் பின்னால் மறைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“எம் பேரன் போட்டதும்மா. தொவச்சுட்டேன். உங்க வீட்டுக்குப் போயி பழசக் குடுக்கறதான்னு ராத்திரியெல்லாம் ரோசன.”

இத்தனை வருடமாகக் கொடுக்கிற பக்கத்திலேயே நின்று பழகியவள் நான். சட்டென்று கை நீளவில்லை. ஒரு நிமிடம் கழித்து வாங்கிக்கொண்டு, “உன் பேரன் நல்லா இருக்கானா செல்வி?” என்று கேட்டேன்.

“அவனுக்கென்னம்மா, நேத்துக்கூட டிவி ரிமோட்ட ஒடச்சுட்டான்” என்றாள்.

அது போதும் என்று குழந்தைக்குப் போட்டுவிட்டோம்.