கேன்டீனில் போட்ட படம்

எங்கள் கம்பெனியில் பாதுகாப்பு வாரம் என்று ஒன்று வரும். தீயணைப்பானைப் பிடிக்கச் சொல்லிக் கொடுப்பார்கள், வரிசையாக நிற்கவைத்து உறுதிமொழி எடுக்கச் சொல்வார்கள், கடைசி நாள் ஸ்வீட் காரம் கொடுத்து அனுப்புவார்கள். போன வருடம் அந்தக் கடைசி நாளில் படம் போடுவதாகச் சொன்னார்கள். எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். எச்.ஆர். மேடம் மைக்கைப் பிடித்து, "எய்ட்ஸ் பத்தின படம், ஆனா கதையாத்தான் இருக்கும், போரடிக்காது" என்றார். எனக்கு மட்டும் எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது.

காரணத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. செத்துப்போன கணவர் வழியாக வந்தது. மகளுக்கு இல்லை, பரிசோதித்துப் பார்த்தாயிற்று. தினமும் மாத்திரை போடுகிறேன், உடம்பு நன்றாக இருக்கிறது. ஓசூர் சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் செக்கிங் வேலை. சூளகிரியில் வாடகை வீடு. சுற்றியிருக்கும் வீடுகளிலும் இதே கம்பெனிப் பெண்கள்தான். ஒருத்திக்குத் தெரிந்தால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்காரருக்குத் தெரியும், மறுநாள் மகளின் பள்ளிக்கூடத்துக்குத் தெரியும். அவள் பன்னிரண்டாவது படிக்கிறாள். வேலையை விட்டு யாரும் அனுப்ப முடியாது, சட்டம் இருக்கிறது என்கிறார்கள். சட்டம் வந்து என் மகளோடு பெஞ்சில் உட்காருமா?

கிருஷ்ணகிரியிலேயே மாத்திரை கிடைக்கும். நான் அங்கே போவதில்லை. அத்திப்பள்ளி தாண்டிக் கர்நாடகத்துக்குள் ஒரு அரசு ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். தெரிந்த முகம் இருக்காது என்று நினைத்துத்தான் அந்த ஏற்பாடு. போய்ப் பார்த்தால் பாதிப் பேர் நம் பக்கத்து ஆட்கள். கர்நாடகத்து ஆட்கள் நம் பக்கம் வந்து வாங்குகிறார்களாம். அங்கே நாங்கள் எல்லோரும் கன்னடத்தில்தான் பேசிக்கொள்வோம். தமிழில் வாயைத் திறந்தால் எந்த ஊர் என்ற கேள்வி வந்துவிடும்.

அங்கே டாக்டர் மணிப்பூர்க்காரர். அவருடைய கன்னடம் எங்களுடையதைவிட மோசம். ஒவ்வொரு முறையும் "பயபடபேடி" என்பார், பயப்படாதீங்க என்று. சொல்வதற்கென்ன, அவருக்கா வந்திருக்கிறது என்று எரிச்சலாக இருக்கும். ஒருநாள் பேச்சோடு பேச்சாக அவர் தன் கதையைச் சொன்னார். வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் முதலில் முகத்தைப் பார்க்கிறார்களாம். அப்புறம் எந்த நோய்க்கு டாக்டர் என்று கேட்கிறார்களாம். இரண்டும் தெரிந்த பிறகு வீடு காலி இல்லை என்கிறார்களாம். அன்றிலிருந்து அவர் பயப்படாதீங்க என்று சொல்லும்போது எரிச்சல் வருவதில்லை.

கேன்டீனில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு இருட்டாக்கினார்கள். எனக்கு இடதுபுறம் லைன் லீடர் அக்கா உட்கார்ந்திருந்தார். குருபரப்பள்ளியிலிருந்து வருபவர், ஐம்பதை நெருங்கும் வயது. கண்டிப்பானவர், ஒரு வார்த்தை கூடுதலாகப் பேசமாட்டார். வலதுபுறம் சுவர், முன்னாலும் பின்னாலும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஏதோ வெளிநாட்டுப் படம், தமிழில் பேசவைத்திருந்தார்கள். தன் நாட்டில் சண்டை வந்து பிழைக்க ஓடிவந்த ஒரு டாக்டர், குளிர் அடிக்கும் ஒரு சுரங்க ஊரில் வேலைக்குச் சேர்கிறார். "நம்ம ஊருக்கு இந்திக்காரப் பசங்க வர்றாப்புல" என்று ஒருத்தி சொல்ல, சிரிப்பு எழுந்தது. நோய் வந்த சுரங்கத்து ஆட்கள் அவரிடம் பின்வாசல் வழியாக வந்து மருந்து வாங்கிப் போகிறார்கள். ஊர் அவரையும் தள்ளிவைக்கிறது. நான் திரையைப் பார்த்ததைவிட என் முகத்தைக் காத்ததுதான் அதிகம். அழுகை வந்தால் ஏன் என்பார்கள். வராவிட்டால், இவ்வளவு பேர் அழும்போது இவளுக்கு என்ன என்பார்கள். மடியில் கனமிருந்தால் வழியில் பயம்.

ஒரு காட்சியில் நோயாளி ஒருவன் வீட்டை விட்டுக் கிளம்புகிறான். கிளம்பும் முன் மாத்திரை பாட்டிலைத் திறந்து, மேலே பஞ்சைத் திணித்து அமுக்கிக் கோட்டுப் பையில் வைக்கிறான்.

"எதுக்குடி பஞ்ச அமுக்குறான்?" என்றாள் முன்வரிசையில் ஒருத்தி.

"ஈரம் படக்கூடாதுன்னு" என்றாள் இன்னொருத்தி.

"இல்ல, மாத்திரை ஒடையாம இருக்கறதுக்கு."

தப்பாக ஒரு ஒயர் போயிருந்தால் அதைக் கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. தப்பைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க என் வாய்க்கு வராது. "அதுக்கில்ல. நடந்தா பாட்டில் குலுங்கிச் சத்தம் வரும்ல, அது கேக்கக் கூடாதுன்னுதான்" என்றேன்.

சொன்ன பிறகுதான் சொன்னது காதில் விழுந்தது. நுணலும் தன் வாயால் கெடும். திரையில் அவன் நெரிசலான பஸ்ஸில் ஏறினான். பக்கத்தில் ஒரு பெண்மணி அவன் பையில் இடித்தாள், பாட்டில் சத்தம் போடவில்லை, அவன் மூச்சு விட்டான். படமே என் பதிலுக்குச் சாட்சி சொல்லிவிட்டது. முன்வரிசையில் தலைகள் திரும்பின.

"யாரு சொன்னது? தெரிஞ்சாப்புலயே சொல்லுச்சு."

இருட்டும் மின்விசிறிச் சத்தமும் என்னைக் காப்பாற்றின. ஆனால் லைன் லீடர் அக்கா என் தோளை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அவர் திரையிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அதன் பிறகு படத்து டாக்டர் என்ன ஆனார் என்று கேட்டால் எனக்குத் தெரியாது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழுதும் பக்கத்து வீட்டில் யாராவது சிரித்தால்கூட என்னைப் பற்றித்தான் என்று தோன்றியது. திங்கட்கிழமை காலை கம்பெனி பஸ் சூளகிரிக்கு வந்தது. அக்கா எப்போதும் எனக்கு ஒரு சீட் பிடித்து வைத்திருப்பார். அன்று அந்த சீட்டில் அவருடைய பை இருந்தது. நான் அருகில் போனதும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முடிந்தது என்று நினைத்தேன். பின்னால் போய், அங்கே நின்றுகொண்டிருந்த பெண்களோடு நின்றேன். ஓசூர் வரும்வரை, இந்த வேலை போனால் ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கப் போகலாமா, அங்கேயும் யாராவது வந்து சொல்வார்களா என்றே மனம் ஓடியது.

டீ இடைவேளையில் பக்கத்து டேபிள் பெண் என்னிடம் ஒட்டிக்கொண்டு வந்தாள். அவள் குரலில் செய்தி இருந்தது. நான் டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"உனக்குத் தெரியுமா? அன்னிக்குப் படத்துல பதில் சொன்னது யாருன்னு கேட்டுக்கிட்டிருந்தோம்ல. லைன் லீடர் அக்காவாம். இன்னிக்குக் காலைல பஸ்ஸு சூளகிரி வர்றதுக்கு முன்னாலயே அதுவே ஒத்துக்கிச்சு. 'நான்தான்டி சொன்னேன், எங்க ஊட்டுலயே அந்த பாட்டில் இருக்குது, இப்ப என்னாங்கறீங்க'ன்னு கேட்டுச்சாம். எவளும் அதுங்கிட்ட உக்கார மாட்டேங்குறா."

முதலில் எனக்கு வந்தது நிம்மதி. உடம்பெல்லாம் லேசாகிவிட்டது. அதற்குப் பின்னால்தான் காலையில் பார்த்தது புரிந்தது. குருபரப்பள்ளியில் ஏறிய பெண்கள் எல்லோரும் அக்கா பக்கத்தில் சீட் இருக்கும்போதே நின்றுகொண்டு வந்திருக்கிறார்கள். நானும் அந்தப் பேச்சில் சிக்கக் கூடாதென்றுதான் அக்கா அங்கே பையை வைத்திருக்கிறார்.

சாயங்காலம் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். என் நோய் அவளுக்குத் தெரியும். மாத்திரை போட்டாயா என்று தினமும் கேட்பவள் அவள்தான்.

"நான் நாளைக்கு அந்தக்காகூட உக்காந்தா, என்னையும் சேத்துப் பேசுவாங்க. உன் ஸ்கூலு வரைக்கும் வரும்" என்றேன்.

அவள் புத்தகத்தை மூடி வைத்தாள். "எனக்கும் பயமாத்தாம்மா இருக்குது. ஆனா அவங்க நமக்காகத் தனியா உக்காந்திருக்காங்கல்ல" என்றாள்.

மறுநாள் பஸ்ஸில் ஏறினேன். அதே சீட், அதே பை. பையை எடுத்து அக்கா மடியில் வைத்துவிட்டு உட்கார்ந்தேன்.

"பின்னால போடி" என்றார், உதடு அசையாமல்.

"ஏன்க்கா இப்படிப் பண்ணீங்க?"

"என் தம்பி போனது இதுலதான். அவன் கூடவே இருந்தும் கடைசி வரைக்கும் எனக்குத் தெரியாது. எம்மவன் பெங்களூர்ல பொண்டாட்டி புள்ளையோட இருக்கறான், என்னை யாரு என்ன பண்ணிடுவாங்க? உனக்கு வயசுப் பொண்ணு இருக்கறா. எந்திரிச்சுப் போ. நான் சொன்னது வீணாப் போயிரும்."

"போகலக்கா."

பின்னால் பேச்சு நின்றது. பிறகு ஒரு குரல் மெல்ல, "இவளுமா?" என்றது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நாள் அவரைப் பயமே தெரியாதவர் என்று நினைத்திருந்தேன். மணிப்பூர் டாக்டர் சொல்லும் "பயபடபேடி"யை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். பயம் குறையவில்லை.

சிப்காட் கேட்டில் பஸ் நின்றது. வருகைக்குப் பஞ்ச் வைக்க நேரமாகிவிடும் என்று ஒருத்தியை ஒருத்தி இடித்துத் தள்ளிக்கொண்டு இறங்குகிற பஸ் அது. அன்று ஒருவரும் இடிக்கவில்லை. நாங்கள் இரண்டு பேரும் இறங்கி முடிக்கிற வரை எல்லோரும் சீட்டுகளுக்குள் ஒதுங்கி, சேலையையும் துப்பட்டாவையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு, வழி விட்டு நின்றார்கள்.