ஹீரோவின் ஜட்டியும் ஆரோக்கியக்காவும்

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் என் மகள் டிவியில் ஏதோ பறக்கிற ஆள் படம் போட்டிருந்தாள். அந்த வகைப் படம் என்றாலே எனக்கு ஆகாது, வீட்டில் எல்லோருக்கும் தெரியும். "அந்தக் கோமாளிய நிறுத்துடி" என்று சொல்லத்தான் கரண்டியோடு வந்தேன். வந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். உடம்பு முழுக்கப் பச்சை உடுப்பு, அதற்கு மேலே மஞ்சள் ஜட்டி, முதுகில் மஞ்சள் துணி. எனக்குத் தெரிந்த ஆள். அவனுடைய இடுப்புத் தையலை எங்கே ஆரம்பித்து எங்கே முடிக்க வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியும். அடுப்பில் கடுகு கருகிப் போயிற்று.

புது சாட்டின் துணிக்கு ஒரு வாசனை உண்டு, கவனித்திருக்கிறீர்களா? பாதி மண்ணெண்ணெய், பாதி பிளாஸ்டிக். அதன்மேல் சூடான இஸ்திரி பட்டால் மூக்கில் ஏறி உட்கார்ந்துகொள்ளும், சோப்புப் போட்டாலும் இறங்காது. பெங்களூரில் ஓசூர் ரோட்டில் பொம்மனஹள்ளிப் பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் எனக்கு இருபது வயதில் வேலை கிடைத்தது. அந்த வாசனையோடுதான் தினமும் வீட்டுக்கு வருவேன். நான் செருப்பைக் கழற்றும் முன்பே அப்பா பாயில் படுத்தபடி, "வந்துட்டியாம்மா" என்பார்.

அப்பா கோலார் தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர். சுரங்கத்தை மூடினார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நான் நிறுத்தமாட்டேன், அதனால் மூடினார்கள் என்பதோடு விடுகிறேன். நெஞ்சு நிறையத் தூசியை வாங்கிக்கொண்டு மனிதர் வெளியே வந்தார். அம்மா, தம்பி, அப்பா, நான், நாலு பேரும் பொம்மனஹள்ளியில் ஒரே அறையில். வேலைக்குப் போகிறவள் நான் ஒருத்திதான். என் வேலை போனால் அப்பாவுக்கு மருந்து கிடையாது. தினமும் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது இதை நினைத்துக்கொள்வேன். அஞ்சு நிமிடம் லேட்டானாலே ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

எனக்கு அடுத்த மிஷின் ஆரோக்கியக்காவுடையது. அவளும் தங்கவயல்தான். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவள். புருஷன் விட்டுவிட்டுப் போய்விட்டான், ஒன்றாம் வகுப்பு படிக்கிற மகன் ஒருவன். அவள் தைத்தால் ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி இருக்கும். என் தையல் சுமார் ரகம். ஆனால் எனக்கு இங்கிலீஷ் படிக்க வரும். தையல் விவரம் எழுதின காகிதம் ஒன்று ஒவ்வொரு ஆர்டரோடும் வரும், ஷீட் என்போம். அது வந்ததும் லைனில் இருக்கிற அத்தனை பெண்களும் என்னிடம்தான் நீட்டுவார்கள். நானும் எக்ஸ்ரே பார்க்கிற டாக்டர் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பேன். எனக்கென்று இருந்த ஒரே பெருமை அதுதான், சிரிக்காதீர்கள்.

ஒரு நாள் வெளிநாட்டுப் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிற வேஷ உடுப்பு ஆர்டர் வந்தது. என்ன வேஷம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. மாதிரி உடுப்பு மேல்மாடியில் அலமாரிக்குள் இருந்தது. எங்களுக்கு வந்தது வெட்டின துண்டுகளும் ஷீட்டும்தான். பச்சையில் கால், பச்சையில் உடம்பு, கூடவே மஞ்சளில் ஒரு ஜட்டி. ஷீட்டில் வரைந்திருந்த படத்தில் ஜட்டி பேண்டுக்கு மேலே இருந்தது.

"இன்னாடி இது, மேலயா மாட்டிகினு போவான்?" என்றாள் ஆரோக்கியக்கா. ஜட்டியை வைத்துத் தைக்கிற வேலை அவளுடையது.

எழுத்தைப் படித்தேன். வெளியே வைத்துத் தைக்கவும் என்றுதான் எழுதியிருந்தது. சூப்பர்வைசர் அன்று லீவு. மாடியேறி இன்சார்ஜைக் கேட்டிருக்கலாம். கேட்டால், படிக்கத் தெரிந்தவள் என்ற பெயர் போய்விடுமே.

"அச்சுல தப்புக்கா. அது உள்ள வெக்கிற லைனிங். சின்னப் பசங்களுக்கு உறுத்தக் கூடாதுன்னு வெக்கிறாங்க," என்றேன், ஏதோ வெளிநாட்டில் நாலு பெற்றவள் மாதிரி.

"படிச்சவ சொன்னா சரி," என்று அவள் உள்ளே வைத்துத் தைக்க ஆரம்பித்தாள்.

செக்கிங் மேஜையில் இருந்த பெண்களும் ஒன்றும் சொல்லவில்லை. ஜட்டி உள்ளே இருப்பதில் யாருக்குச் சந்தேகம் வரும்? எங்கள் கண்ணுக்கு அதுதான் மானமாகத் தெரிந்தது. ஒரு பகல் முழுக்க மானமாகத் தைத்துத் தள்ளினோம்.

மறுநாள் காலையில் பிடிபட்டது. பிரித்துத் தைத்தால் போகிறது என்பீர்கள். சாட்டினைப் பிரித்தால் ஊசி இறங்கின ஓட்டையெல்லாம் அப்படியே தெரியும், அந்தத் துணி குப்பைக்குத்தான் போகும். மறுபடி வெட்டப் புதுத் துணி வர வேண்டும். சரக்கு கப்பலேறும் நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது.

இன்சார்ஜ் கன்னடக்காரர், எங்களோடு தமிழில்தான் பேசுவார். ஒரு உடுப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஆரோக்கியக்காவின் மிஷின் முன்னால் வந்து நின்றார். "என்னம்மா இது? உள்ள வெச்சுத் தைக்கச் சொல்லி யாரு சொன்னது?" மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருந்தால்கூடத் தேவலை.

மிஷின் எல்லாம் நின்றுவிட்டது. ஆரோக்கியக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். கோபமில்லை, கெஞ்சலும் இல்லை. நான் சொல்லிவிடுவேன் என்று சாதாரணமாகப் பார்த்தாள். எனக்கு அப்பாவின் இருமல்தான் காதில் கேட்டது. மாசச் சீட்டுப் பணம், மருந்துக்கடை, வாடகை அறை, தம்பியின் ஸ்கூல், எல்லாம் வரிசையாகக் கண் முன்னால் வந்தன. நான் குனிந்து பாபினில் நூல் சுற்ற ஆரம்பித்தேன். அது ஏற்கெனவே நிறைந்த பாபின்.

அவள் இன்சார்ஜ் பக்கம் திரும்பி, "யாரும் சொல்லல சார். எனுக்கா தோணிச்சு, தெச்சிட்டேன்," என்றாள்.

அன்றைக்கே அவள் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். பாத்ரூம் போவதாகச் சொல்லிவிட்டு கேட்டுக்கு ஓடினேன். டிபன் டப்பாவைப் பையில் திணித்துக்கொண்டிருந்தாள். "அக்கா" என்றேன்.

"நீ சொல்லுவேன்னு பாத்தேன்," என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி போ. உங்கப்பாவுக்கு மருந்து வாங்கணும். போய் உக்காரு," என்றாள்.

போய் உட்கார்ந்தேன். சொன்னால் கேட்கிற பெண், பாருங்கள்.

இனி இந்தத் தப்பு நடக்கக் கூடாது என்று இன்சார்ஜ் அந்த வேஷத்தின் படத்தையே வி.சி.டி.யில் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் கேண்டீன் டிவியில் போட்டார். தமிழ் டப்பிங். முதல் நாள் ஒரு டிஸ்க், மறுநாள் இன்னொன்று. அந்தப் பச்சை ஆள் பகலில் தபால் ஆபீஸ் குமாஸ்தா, ஆபத்து வந்தால் பறப்பான். அவன் ஒவ்வொரு தடவை பறக்கும்போதும் நாங்கள் சாதத்தைப் பிசைந்துகொண்டே அவன் இடுப்பைத்தான் பார்த்தோம். சண்டையில் அவன் மோதி ஒரு பாலம் விழுந்துவிடுகிறது. பழி பாலத்துக் காவல்காரக் கிழவர் மேல் விழுகிறது. கடைசியில் இவன் கோர்ட்டுக்குப் போய் முகமூடியைக் கழற்றி, "பாலத்தை உடைத்தவன் நான்" என்கிறான். வேலை போகிறது, வீடு போகிறது, போலீஸ் கூட்டிக்கொண்டு போகிறது.

"சுத்தக் கேனயன். வாய மூடிகினு பறந்து போயிருக்கலாம்ல," என்றாள் ஒருத்தி. கேண்டீனே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆரோக்கியக்கா உட்காரும் இடத்தில் வேறு யாரோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து இந்தப் படங்கள் எனக்குப் பிடிக்காது. கேட்டால் ஒரு பெரிய பிரசங்கமே வைப்பேன்: ஊரையே தூக்கி நிறுத்துகிறானாம், எங்கள் தங்கவயலை மூடினபோது எவன் பறந்து வந்தான், எல்லாம் பணக்காரப் பிள்ளைகள் பார்க்கிற பொய். நன்றாகவே பேசுவேன். என் மகள் ஸ்கூல் பேச்சுப் போட்டிக்கே அதைப் பயன்படுத்தியிருக்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமை அந்தக் கோர்ட் காட்சிவரை நின்றபடியே பார்த்தேன். இத்தனை வருடமாக அவன் பறந்ததைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். இந்தக் காட்சியில் அவன் பறக்கவே இல்லை. எழுந்து நிற்கிறான், ஒரு வரி சொல்கிறான். அந்த ஒரு வரியைச் சொல்ல அவனுக்கு எந்தச் சக்தியும் வேண்டியிருக்கவில்லை. படம் நல்ல படம்தான். நான்தான் அதைப் பார்க்க முடியாமல் இருந்திருக்கிறேன்.

"ஏம்மா அழுவுற? இந்தப் படத்துக்குப் போய் யாராவது அழுவாங்களா?" என்றாள் மகள். கருகின வாடை கண்ணில் ஏறிவிட்டது என்றேன். பொய் சொல்வதில் எனக்குப் பழக்கம் உண்டு.

ஆரோக்கியக்காவுக்கு வேலை போன அடுத்த வருடமே அப்பா போய்விட்டார். அவ்வளவு செய்து நான் காப்பாற்றினது ஒரே ஒரு வருடம். ஓசூர் ரோட்டுக் கம்பெனிகளில் ஒருத்தியை விரட்டினால் மற்றவர்களுக்கும் தெரிந்துவிடும், ஆரோக்கியக்காவை யாரும் எடுக்கவில்லை. கட்டடத்தில் மண் சுமக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். அவள் வீடு எங்கள் வீட்டிலிருந்து நாலு தெரு. நாலே தெரு. நான் போகவில்லை. முதலில் பயம், அப்புறம் வெட்கம், அப்புறம் கல்யாணமாகி அதே பெங்களூரில் அல்சூருக்கு வந்தாயிற்று.

இந்தப் புதன்கிழமை பஸ் ஏறிப் போனேன். கார்மென்ட்ஸ் இருந்த இடத்தில் அபார்ட்மெண்ட் நிற்கிறது. தலைக்கு மேலே பாலம் போட்டுவிட்டதால் ரோட்டில் வெயிலே விழுவதில்லை. ஷிப்ட் விட்டதும் ரோட்டை அடைத்துக்கொண்டு நடப்போமே, அந்தப் பெண்கள் கூட்டம் இல்லை. ஆரோக்கியக்கா இருந்த வரிசை வீடுகளை இடித்து பி.ஜி. ஹாஸ்டல் கட்டியிருக்கிறார்கள். எதிரில் ஒரு பழைய பெட்டிக்கடை மட்டும் இருந்தது. கடைக்காரருக்கு வயதாகிவிட்டது, ஆனால் பெயரைச் சொன்னதும் ஞாபகம் வந்தது.

"ஆரோக்கியம்மாவா? பையனைக் கூட்டிக்கிட்டு எப்பவோ காலி பண்ணிட்டாங்க. எங்க போனாங்கன்னு கொத்தில்லம்மா, தெரியல," என்றார். "நீங்க அவங்களுக்கு என்ன ஆகணும்?"

"கார்மென்ட்ஸ்ல அவங்களுக்கு வேலை போச்சே, அந்தத் தப்பு அவங்க பண்ணல. நான் பண்ணது," என்றேன். ரோட்டுச் சத்தத்தில் கேட்காதோ என்று கொஞ்சம் உரக்கவே சொன்னேன்.

அவர் "ஓ, அப்படியா" என்று தலையாட்டிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றிருந்தவருக்குப் பால் பாக்கெட் எடுக்கத் திரும்பினார்.