ஷோகேஸுக்குள்ள இருந்த நடுப் பெட்டி

எனக்கு இடது காது மந்தம். பல்லேகலயில ஒரு நெசவு ஃபேக்டரியில இருபத்தாறு வருஷம் மெஷினுக்குப் பக்கத்துல நின்னதுக்குக் கெடச்ச போனஸ் அது. இப்ப வலது காதும் இடதுக்கு ஒத்து ஊத ஆரம்பிச்சிருச்சு. ஆனா யாராவது என்னைச் செவிடுன்னு சொன்னா எனக்குக் கெட்ட கோவம் வரும். சத்தம் எல்லாம் நல்லாவே கேக்கும். பேசுறது என்னன்னுதான் வெளங்காது. ரெண்டும் ஒன்னா என்ன?

இதைச் சரியாப் புரிஞ்சு வச்சிருந்தவ என் பொஞ்சாதி ஒருத்திதான். ஞாயித்துக்கெழம மத்தியானம் சாப்பிட்டுட்டு படம் போடுவோம். அவ என் வலது பக்கமா ஒட்டி ஒக்காருவா. நான் "என்னவாம்?"னு கேப்பேன். அவ காதுக்கிட்ட வந்து, அந்த ஆளு என்ன சொன்னான், இவ என்ன பதில் சொன்னான்னு சொல்லுவா. காது மந்தமான காலத்துலருந்து இப்படித்தான் படம் பாத்தோம். சில நேரம் நான் கேக்குறதுக்கு முந்தியே சொல்லிருவா. வெத்தல வாசமும் வெதுவெதுன்னு மூச்சுமா அந்தப் பேச்சு வரும்.

மகளும் மருமகனும் கனடாவுலருந்து வந்தப்போ எங்களுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வாங்கி மாட்டிட்டுப் போனாங்க. சுவத்துக்கு நாலு சின்ன ஸ்பீக்கர் பெட்டி, மூலைக்கு ஒரு தடிப் பெட்டி, நடுவுல வைக்க ஒரு நீளப் பெட்டி. "இனி மாமாவுக்குக் கஷ்டமே இல்ல"ன்னார் மருமகன். எங்கருந்து! சண்டைக்காட்சி வந்தா ஜன்னல் அதிரும், பக்கத்து வீட்டு நாய் குரைக்கும். ஆளுக பேசுனா மட்டும் தண்ணிக்குள்ளருந்து பேசுற மாதிரி இருக்கும். அதனால பழையபடி "என்னவாம்?"தான்.

போன வருஷம் மகளுக்குப் பிரசவம்னு என் பொஞ்சாதி கனடாவுக்குப் போனா. ஆறு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போனா. மொத ஞாயித்துக்கெழம தனியா படம் போட்டேன். பழக்கதோஷம், "என்னவாம்?"னு வலது பக்கம் திரும்பிட்டேன். அவ ஒக்கார்ற கதிரை காலியா இருந்துச்சு. டிவிய நிறுத்திட்டு வெளிய வாசல் முத்தத்துல போய் நின்னேன். கஷ்டமா இருந்துச்சு, சொல்றதுக்கு என்ன வெக்கம்.

மடவளையில ரேடியோ, டிவி ரிப்பேர் பண்ற கூட்டாளி ஒருத்தர் எனக்கு இருக்கார். சின்ன வயசுலருந்து பழக்கம். ஒருநாள் வீட்டுக்கு வந்தவர் நின்ன இடத்துலருந்தே கத்துனார். "யா அல்லாஹ்! பேச்சு வார பெட்டிய கண்ணாடிக்குள்ள பூட்டியா மச்சான் வெச்சீக்கிறீங்க?"

நம்ம வீடுகள்ல நல்ல சாமான்னு ஒன்னு வந்தா அது போய்ச் சேருற எடம் ஷோகேஸ்தான். கல்யாணத்துக்கு வந்த கப் செட், மகள் ஸ்கூல்ல எடுத்த கப்பு, ஒருநாளும் தேத்தண்ணி ஊத்தாத கேத்தல், எல்லாம் அங்கதான் இருக்கு. நீளப் பெட்டியும் நடுத்தட்டுல அளவெடுத்துச் செஞ்ச மாதிரி போய் ஒக்காந்துச்சு. மருமகன் பிளைட் ஏறுன மறுநாளே வச்சோம். தூசி படக்கூடாதுன்னு கண்ணாடிக் கதவையும் சாத்துனோம். போதாததுக்கு பொஞ்சாதி கையால பின்னுன பூவேலைத் துணி ஒன்னு, பெட்டிக்கு முன்பக்கமா அழகாத் தொங்கும்.

"படத்துல மனுசர் பேசுறது முக்காவாசி இந்த நடுப் பெட்டியிலதான் வரும். மத்ததுல பாட்டு, மழை, வெடிச் சத்தம்"னு சொல்லிக்கிட்டே கூட்டாளி அதை வெளிய எடுத்தார். டிவிக்குக் கீழ ஒரு ஸ்டூல்ல வச்சு, முன்பக்கத்துக்கு அடியில ரப்பர் துண்டு ஒன்னு செருகி, என் காதைப் பாக்குற மாதிரி கொஞ்சம் நிமித்துனார். ரிமோட்ல நடுப் பெட்டிக்கு மட்டும் சத்தத்தைக் கூட்டி, மூலைத் தடியனை அடக்குனார். தியேட்டர் ஹால்ல படம் பாக்குற மாதிரி எதிரொலி வர்ற ஒரு செட்டிங் இருந்துச்சு, அதையும் நிப்பாட்டுனார். வெறும் டைல்ஸ் தரைக்குப் பாய் விரிக்கச் சொன்னார். பெறகு படத்தைப் போட்டார்.

அடேயப்பா! ஒவ்வொரு சொல்லும் கல்லுல வெட்டுன மாதிரி வந்து விழுந்துச்சு. எனக்குத் தலைகால் புரியல.

அன்னைக்குச் சாயங்காலமே அவளுக்குப் போன் போட்டு, வலது காதோட அழுத்தி வச்சுக்கிட்டுப் பீத்திக்கிட்டேன். "இனி என்னை நெனச்சு நீ கவலப்படாத. வசனம் எல்லாம் சுத்தமாக் கேக்குது. பக்கத்துல ஒக்காந்து யாரும் சொல்லத் தேவையில்ல."  அவ சொன்னா, "அப்ப நல்லதாப் போச்சு. மகளும் இன்னும் ஆறு மாசம் இருங்கன்னு கெஞ்சுறா. இருந்துட்டே வர்றேன்." தவளை தன் வாயால கெட்ட கதைதான். வேணாம், வந்துருன்னு சொல்ல வாய் வரல. "இரு, இரு, ஆறுதலா மெல்ல வா"ன்னேன். போனை வச்சதும் என்னையே நாலு சாத்து சாத்தலாம் போல இருந்துச்சு.

அடுத்த ஞாயித்துக்கெழம, நாங்க ரெண்டு பேரும் முந்திப் பாத்த ஒரு குடும்பப் படத்தைத் திரும்பப் போட்டேன். அதுல ஒரு பொம்பள அடுப்படி வாசல்ல நின்னு, பேப்பர் படிக்கிற புருசன்கிட்ட ஏதோ சொல்ற எடம் வரும். எனக்கு நல்லா ஞாபகம். அன்னைக்கு "என்னவாம்?"னு கேட்டேன். அவ சொன்னா, "இந்த வீட்டுல என்னை ஒருநாளாவது நீ எப்படி இருக்கன்னு விசாரிச்சிருக்கீங்களான்னு கேக்குறா." "பாவம், நல்ல கேள்வி"ன்னு நானும் தலையாட்டுனேன்.

இப்ப அந்த எடம் வந்துச்சு. அந்தப் பொம்பள வாயைத் திறந்தா. "கேஸ் முடிஞ்சுருச்சு, சிலிண்டருக்குச் சொல்லிருங்க."

நான் பின்னுக்கு ஓட்டி மறுபடி பாத்தேன். மூணு தடவை பாத்தேன். கேஸ் சிலிண்டர்தான். விசாரிப்பும் இல்ல, ஒன்னும் இல்ல.

பொய்யாடி சொன்ன, திருட்டுக் கழுதன்னு மொதல்ல சிரிச்சேன். சிரிப்பு பாதியிலயே நின்னுருச்சு.  என் முகத்தைப் பாத்துச் சொல்ல முடியாததை அவ டிவியப் பாத்துக்கிட்டே என் காதுல சொல்லிருக்கா. நான் படத்துல எவளோ சொல்றான்னு நெனச்சு, "பாவம்"னு சொல்லிட்டு முறுக்கு கடிச்சிக்கிட்டு இருந்திருக்கேன்.

அன்னைக்குப் பொழுது சாஞ்சதும், அங்க விடிஞ்சிருக்கும்னு போன் போட்டேன். படத்தைச் சொல்லி, எடத்தைச் சொல்லி, "அவ அப்படிச் சொல்லவே இல்ல. நீதான் சொல்லிருக்க"ன்னேன்.

கொழந்தை சிணுங்குற சத்தம் கேட்டுச்சு. அதைச் சமாதானப்படுத்திட்டு, "இப்பவாவது தெரிஞ்சுச்சே"ன்னா. பெறகு, "எத்தனை படம் பாத்துருப்போம்! வேற என்னென்ன சொன்னேன்? ஒன்னே ஒன்னு சொல்லுங்க பாப்போம்"னா.

யோசிச்சேன். வெத்தல வாசம் ஞாபகம் வந்துச்சு. காதுல பட்ட மூச்சு ஞாபகம் வந்துச்சு. அவ சொன்னது ஒன்னுகூட வரல. படத்தோட அதையும் மறந்து தொலைச்சிருக்கேன்.

"ஒன்னும் ஞாபகம் வரலடி. நீ வந்துரு. வந்து மறுபடி சொல்லு"ன்னேன். என் குரல் ஒடைஞ்சது எனக்கே கேட்டுச்சு.

"மறுபடியுமா?"ன்னா.

"ஆமா. இந்தத் தடவை படம் போட வேணாம்."

அவ வர்றேன்னும் சொல்லல, வரலன்னும் சொல்லல. போனையும் வைக்கல. நானும் வைக்கல.