ஒருத்தருக்கும் கேட்காத இடம்

என் பேத்தி பள்ளிக்கூடத்தில் நித்திரை கொண்டதுதான் தொடக்கம். கணக்குப் பாடத்தில் நித்திரை கொண்டால் அரசாங்கம் வீட்டுக்கு வரும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நான் படித்த ஐந்து வகுப்பிலும் கணக்குப் பாடத்தில் விழித்திருந்தவர்களைத்தான் எல்லோரும் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள்.

ஏன் நித்திரை என்று டீச்சர் கேட்டிருக்கிறா. இரவில் அம்மம்மாவோடு டி.வி. நாடகம் பார்க்கிறேன் என்று பிள்ளை உண்மையைச் சொல்லிவிட்டாள். அம்மா எங்கே என்று கேட்டதற்குக் குவைத்தில் வீட்டுவேலை என்றாளாம். அப்பா எங்கே என்றதற்குக் கடலுக்கு அந்தப் பக்கம் என்று கையைக் காட்டினாளாம். அதுவும் உண்மைதான். இந்தியாவில் அகதி முகாமிலிருந்து நாங்கள் ஊருக்குத் திரும்பியபோது, நீங்கள் முதலில் போங்கோ, நான் பிறகு வாறன் என்று மருமகன் சொன்னார். அந்தப் பிறகு இன்னும் வரவில்லை. வேறு குடும்பம் வந்துவிட்டதாகக் கேள்வி.

அடுத்த கிழமை டி.எஸ். கந்தோரிலிருந்து, அதுதான் பிரதேச செயலகத்திலிருந்து, ஒரு இளம் பெண் ஸ்கூட்டரில் வந்தா. சிறுவர் உரிமைகளைப் பார்க்கிற உத்தியோகத்தர். அவவின் பதவிப் பெயரை முழுதாகச் சொல்லி முடிக்கத் தேத்தண்ணி ஆறிவிடும். அதனால் எங்கள் கீரி ஊரில் எல்லோரும் அவவைச் 'சிறுவர் மிஸ்' என்போம். கட்டிலைப் பார்த்தா, நுளம்பு வலையைப் பார்த்தா, சோற்றுப் பானையையும் திறந்து பார்த்தா. நேரத்தோட படுக்க வையுங்கோ என்று சொல்லிவிட்டுப் போனா. நானும் ஓம் என்றேன். ஓம் என்பதற்கு ஒரு செலவும் இல்லை.

இரண்டாம் முறை வந்தபோது அவவின் முகம் காய்ந்த கருவாடு மாதிரி இருந்தது.

"அம்மம்மா, மாகாணக் கந்தோரில இருந்து பெரிய சேர் வாறார். நாங்கள் நியமத்தின்படி வேலை செய்யிறமோ எண்டு பார்க்க. நான் பார்க்கிற வீடுகளில உங்கட வீட்டையும் தெரிவு செய்திருக்கினம்."

"அவர் ஆரைப் பார்க்க வாறார், பிள்ளையையோ உங்களையோ?"

"ரெண்டு பேரையும்தான்."

"சரியில்லை எண்டு எழுதினா?"

மிஸ் தேத்தண்ணிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தா. "பிள்ளையைக் கொஞ்ச நாளைக்கு இல்லத்தில விடச் சொல்லுவினம்."

சிறுவர் இல்லம் எங்கள் தீவை விட்டுப் பாலம் தாண்டிப் பெருநிலப் பக்கம் இருக்கிறது. அங்கே கட்டில் உண்டு, விசிறி உண்டு, வேறு பிள்ளைகளும் உண்டு என்று மிஸ் சொன்னா. நான் பயந்தது அந்தக் 'கொஞ்ச நாள்' என்ற சொல்லுக்குத்தான். நாங்கள் இந்தியாவுக்குப் போனதும் கொஞ்ச நாளைக்குத்தான். அந்தக் கொஞ்ச நாளுக்குள் என் மகள் அங்கே பிறந்து, படித்து, கலியாணமும் கட்டி, இந்தப் பிள்ளையையும் பெற்றுவிட்டாள்.

சேர் வருகிற நாள் காலையில் முற்றம் கூட்டினேன். தொலைக்காட்சிப் பெட்டியை வெள்ளைத் துணியால் மூடி, அதன் மேல் மாதா சுரூபத்தை வைத்தேன். பிள்ளை பார்த்துவிட்டு, "மாதாவும் நாடகம் பார்க்கிறவவோ அம்மம்மா?" என்று கேட்டாள். வாயை மூடடி என்றேன்.

ஜீப் வந்தது. சேர் மெலிந்த மனிதர். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அதிலேயே எனக்குப் பாதிப் பயம் போய்விட்டது. கட்டில், வலை, கிணற்றுக்கட்டு, கக்கூசுக் கதவின் கொக்கி எல்லாம் பார்த்தார். மாதாவைப் பார்த்தார். மாதாவுக்குக் கீழே பார்த்தார். பிறகு கதிரையில் இருந்து சொன்னார்:

"அம்மா, மிஸ் பிள்ளையோட தனியக் கதைக்கவேணும். நான் பக்கத்தில இருந்து, அவ எப்பிடிக் கதைக்கிறா எண்டு பார்க்கவேணும். வேற ஒருத்தருக்கும் கேட்கக்கூடாது. அதுதான் முதல் நியமம்."

அங்கேதான் பிரச்சினை. எங்கள் ஒழுங்கையில் அரசாங்க வாகனம் ஒன்று நின்றால் எல்லோரும் வருவார்கள். அது மரியாதை. ஒருவரும் வராவிட்டால் அந்த வீட்டுக்கும் ஊருக்கும் கோபம் என்று அர்த்தம். அதனால் எங்கள் தென்னோலைக் கிடுகு வேலியில் எங்கெங்கே ஓட்டை இருந்ததோ அங்கெல்லாம் ஒரு கண் இருந்தது. பெரிய ஓட்டையில் பக்கத்து வீட்டுக்காரி. அவள் உரிமைக்காரி, கதிரை கொண்டுவந்து போட்டிருந்தாள்.

நான் வேலியை ஏசினேன். வேலி அசையவில்லை.

கிணற்றடிக்குப் போனார்கள். அங்கே தண்ணீர் அள்ள ஆட்கள். கோயிலடியில் கிழிந்த வலை பொத்துகிற ஆட்கள். சேர் நெற்றியைத் துடைத்தார்.

"இந்த ஊரில ஒருத்தருக்கும் கேட்காத இடம் எண்டு ஒண்டும் இல்லையா அம்மா?"

"ஏன் இல்லாமல் ஐயா? கடல் இருக்கு" என்றேன்.

இதைக் கொஞ்சம் விளக்கவேண்டும். அது தென்மேற்குச் சோளகக் காற்று ஓய்ந்து, வாடைக்காற்று தொடங்காத நேரம். காலையில் கடல் எண்ணெய் ஊற்றிவிட்ட மாதிரிக் கிடக்கும். அப்படியான கடலில் ஒருவன் வாய் திறந்தால் அது தண்ணீருக்கு மேலால் வழுக்கிக்கொண்டு நேரே கரைக்கு வரும். தொழிலுக்குப் போன புருஷன் பெண்சாதியைப் பற்றி வள்ளத்தில் ஏதும் சொன்னால், அவன் கரைக்கு வர முன்னமே அவனுடைய சோற்றில் உப்புக் கூடிவிடும். இது கீரியில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். மாகாணத்தில் தெரியாது போல. மிஸ்ஸும் முசலிப் பக்கம் வயல்காரரின் பிள்ளை, கடல் பழகாதவ.

பிள்ளை என்ன சொல்லப்போகிறாள் என்று எனக்குக் கேட்டாகவேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

பக்கத்து வீட்டுக்காரியின் புருஷன் வள்ளத்தைத் தள்ளினார். மிஸ் ஒரு பலகையில், பிள்ளை எதிர்ப்பலகையில், சேர் காற்சட்டையை மடித்துவிட்டு இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்தபடி பின்னால். மரக்கோலால் ஊன்றித் தள்ளி வெளியே கொண்டுபோய் நங்கூரம் போட்டதும், "நான் கேட்கக்கூடாது தானே சேர்" என்று சொல்லிவிட்டு அந்த மனிதர் குதித்து, இடுப்பளவு தண்ணீரில் கரைக்கு நடந்து வந்தார். வந்து எங்களோடு நின்று கேட்டார்.

"பயப்படாதீங்கோ பிள்ளை" என்று மிஸ் தொடங்கினா. "இதில நீங்கள் சொல்லுறது ஒருத்தருக்கும் கேட்காது."

"ஓம் மிஸ், எனக்குத் தெரியும்" என்றாள் பிள்ளை, பேச்சுப் போட்டியில் கேட்கிற குரலில்.

"அம்மம்மா ஒழுங்காச் சாப்பாடு தாறவவோ?"

"நேரத்துக்குத் தாறவ மிஸ். முட்டையும் தாறவ. மீனில நடுத்துண்டு எனக்குத்தான்."

"நடுத்துண்டோ?" என்று பக்கத்து வீட்டுக்காரி என் காதுக்குள் கேட்டாள். "எனக்குத் தந்தது தலை எல்லோ?"

"பொத்தடி வாயை. கேட்பம்."

"நாடகம் பார்க்கிறது ஏன் பிள்ளை?"

"அம்மம்மாவுக்குத் தனியப் பார்க்கப் பயம் மிஸ். மாமியார் விஷம் வைக்கிற இடத்தில என்ர கையைப் பிடிக்கிறவ."

கரையில் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"அம்மம்மாவோட இருக்க விருப்பமோ?"

"நல்ல விருப்பம். வாற திருநாளுக்கு எனக்குச் சைக்கிள் வாங்கித் தாறன் எண்டு சொன்னவ. சிவப்புச் சைக்கிள்."

நான் அப்படிச் சொன்னதே இல்லை. சைக்கிள் என்ற சொல்லே என் வாயில் வந்ததில்லை. ஊர் முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது. பிள்ளை வள்ளத்தில் காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் இரத்தம்தான், சந்தேகமே இல்லை.

மிஸ் குரலைத் தாழ்த்தினா. தாழ்த்தினது இன்னும் நன்றாகக் கேட்டது. "ஆரும் அடிக்கிறவையோ?"

"ஒருத்தரும் அடிக்கிறேல்ல. பக்கத்து வீட்டு மாமி மட்டும் கிள்ளுறவ."

பக்கத்து வீட்டுக்காரி முழங்கால் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். "நான் எப்பயடி கிள்ளினனான்? கன்னத்தைப் பிடிச்சுக் கொஞ்சினது எல்லோடி அது!"

வள்ளத்தில் மூன்று தலையும் அசையாமல் நின்றன. சேர் மெல்ல மிஸ்ஸின் பக்கம் குனிந்து கேட்டார், "அவைக்குக் கேட்குதோ?"

"ஓம் சேர்!" என்றது கரை. எல்லோரும் ஒரே குரலில், பூசையில் 'ஆமென்' சொல்கிற மாதிரி.

கரைக்கு வந்து இறங்கியபோது சேரின் காற்சட்டை நனைந்திருந்தது. நேரே என்னிடம்தான் வந்தார்.

"அம்மா, நீங்கள் எவ்வளவு காலமா இந்தக் கடற்கரையில இருக்கிறியள்?"

"பிறந்ததில இருந்து ஐயா. நடுவில கொஞ்ச நாள் இந்தியா."

"தண்ணிக்கு மேலால சத்தம் வரும் எண்டு தெரியாதோ?"

"எனக்குக் காது கொஞ்சம் மட்டு ஐயா."

பின்னால் பக்கத்து வீட்டுக்காரிக்கு இருமல் வந்தது.

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது, ஏச்சுக்கு என்னிடம் மறுமொழி உண்டு. மிஸ்ஸிடம்தான் சொன்னார்: "இந்தக் கதை கணக்கில்லை. பிள்ளை இவ்வளவும் கரையில நிக்கிறவைக்குச் சொன்னது. எங்களுக்கு ஒண்டும் சொல்லேல்ல."

பிறகு டிரைவரை இறக்கிவிட்டு, மூன்று பேரும் ஜீப்புக்குள் ஏறினார்கள். கண்ணாடியை உயர்த்தினார்கள். ஏசி போட்டார்கள்.

நாங்கள் சுற்றி நின்றோம். ஒரு சத்தமும் வரவில்லை. முதலில் பிள்ளை காற்று வருகிற ஓட்டையில் முகத்தை வைத்துச் சிரித்தாள். மிஸ் ஏதோ கேட்டா. பிள்ளை குனிந்து தன் காலைப் பார்த்தாள். அவள் காலைப் பார்க்கிற பிள்ளை இல்லை. நான் ஏசும்போதும் என் கண்ணைத்தான் பார்ப்பாள். பிறகு வாய் அசையத் தொடங்கியது. நிற்கவில்லை. மிஸ் பேனையை மடியில் வைத்துவிட்டா. பிள்ளை சட்டைக் கையால் மூக்கைத் துடைத்தாள்.

"என்னவாம் அக்கா?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"எனக்கென்னடி தெரியும்?"

அதற்குப் பிறகு அங்கே ஒருவரும் பகிடி விடவில்லை. ஒரு கழுதை வந்து ஜீப்பில் முதுகைத் தேய்த்தது. அதைக் கலைக்கவும் ஆள் இல்லை.

நான் என் கணக்கைப் பார்த்தேன். முட்டை ஒவ்வொரு நாளும் கொடுப்பதில்லை. நடுத்துண்டும் எப்போதும் இல்லை. இல்லத்தில் விளையாடப் பிள்ளைகள் இருக்கிறார்கள், இங்கே நான் மட்டும். பாலத்தால் போகிற ஜீப்பின் பின்கண்ணாடியில் அவளுடைய தலை எப்படித் தெரியும் என்றுகூட எண்ணிப் பார்த்துவிட்டேன். அந்த நேரம் யாராவது கேட்டிருந்தால் சிவப்பு, பச்சை, நீலம் என்று எல்லா நிறத்திலும் சைக்கிள் வாங்கித் தாறேன் என்றிருப்பேன்.

கதவு திறந்தது. சேர் இறங்கி வந்தார்.

"பிள்ளை உங்களோட இருக்கட்டும் அம்மா."

பக்கத்து வீட்டுக்காரி எனக்காக அழுதாள். அவளுக்கு அது நன்றாக வரும்.

"ஆனா சில விஷயம் இருக்கு" என்றார் சேர். "பள்ளிக்கூட நாளில நாடகம் இல்லை. மிஸ் மாதாமாதம் வந்து பிள்ளையோட தனியக் கதைப்பா, வள்ளத்தில இல்லை. அடுத்தது, தாய் குவைத்தில இருந்து கோல் எடுக்கேக்க பிள்ளை தனியக் கதைக்கவேணும். ஸ்பீக்கர் போடக்கூடாது. நீங்களும் பக்கத்தில நிக்கக்கூடாது."

அந்தக் கடைசி விஷயம் எந்த நியமத்திலும் இல்லை என்று எனக்கு உடனே விளங்கியது. அது ஜீப்புக்குள் இருந்து வந்தது.

முகாமில் எங்கள் வரிசைக்கே ஒரு போன்தான். யாருக்கு அழைப்பு வந்தாலும் எல்லோரும் கூடுவோம், எல்லோரும் கேட்போம், எல்லோரும் மறுமொழி சொல்வோம். அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் மகளின் அழைப்பு வந்ததும் ஸ்பீக்கரைப் போட்டுக் கதிரையில் வைப்பேன். பக்கத்து வீட்டுக்காரியும் வந்துவிடுவாள். பிள்ளைக்கு ஒரு குறையும் இல்லை என்று நான் தொடங்குவேன், அவளும் வழிமொழிவாள். பிள்ளை, "ஓம் அம்மா" என்பாள். அவளுக்குச் சொல்ல வேறு ஒன்றும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

அன்று மத்தியானம் இறால் பொரித்தேன். அவளுக்கு அதென்றால் உயிர்.

"ஜீப்புக்குள்ள என்னடி சொன்னனி?"

"சொல்லேலாது அம்மம்மா. நியமம்."

இன்னும் கொஞ்சம் இறால் போட்டேன். அதையும் தின்றாள். "நியமம்" என்றாள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் அவள் போனை எடுத்துக்கொண்டு கரையில் ஏற்றிவைத்திருக்கிற வள்ளத்துக்குள் போய் இருப்பாள். சிவப்புச் சைக்கிள் அதில் சாய்ந்து நிற்கும். சாட்சிக்கு ஊரே இருந்தால் என்ன செய்வது? நான் ஒரு பிடி மணலை எடுத்து விட்டுப் பார்ப்பேன், காற்று எந்தப் பக்கம் என்று. அவளுடைய கதை என் பக்கம் வராத இடமாகப் பார்த்து இருப்பேன். முதல் ஞாயிறு மட்டும் நடுவில் காற்றுத் திரும்பிவிட்டது. நான் எழும்பி வேறு இடம் போனேன். கொஞ்சம் மெதுவாகத்தான் போனேன், முழங்கால் வருத்தம்.

சில நாள் கண் சிவந்து வருவாள். வந்து நன்றாகச் சாப்பிடுவாள். சில நாள் வள்ளத்துக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வரும். என் மகள் அப்படிச் சிரிக்க வைக்கக்கூடியவள் என்பது எனக்கே மறந்துபோயிருந்தது.

போன கிழமையும் பக்கத்து வீட்டுக்காரி வந்து என் பக்கத்தில் குந்தினாள்.

"தாயோட அப்பிடி என்னத்தை அக்கா இவ்வளவு நேரம் கதைக்கிறாள்?"

"எனக்கெல்லாம் தெரியும்" என்றேன். "உனக்குச் சொல்லேலாது."

அம்மம்மாமார் பொய் சொல்லக்கூடாது என்று நியமத்தில் ஒன்றும் இல்லை. சிறுவர் மிஸ்ஸிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன்.