சிவமலரின் வாயாக இருந்தேன்

மொழிபெயர்ப்பாளர் வேலை என்பது, அடுத்தவர் உயிரை நம் நாக்கில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது. டாக்டரிடமோ ஸ்கூலிலோ யாருக்காகவாவது இங்கிலீஷ் பேசப் போய் வார்த்தைக்குத் திண்டாடியிருந்தால், நீங்களும் என் கட்சி. தொண்ணூறுகளின் நடுவில் வெஸ்ட் வின்ட்சரில் இருந்துகொண்டு, இலங்கையிலிருந்து வந்து அசைலம், அதாவது அடைக்கலம், கேட்ட தமிழர்களுக்கு மொழிபெயர்த்தேன். அதில் சிவமலர் கேஸ் மட்டும் இன்றும் என்னை விடவில்லை.

கதைத்தார்களா, பேசினார்களா?

முதல் நாள், வக்கீல் கேத்தியின் ஆபீஸ். சிவமலருக்கு முப்பது வயதிருக்கும். ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "துவக்கோட வந்தவங்கள் முதல் எங்களோட கதைச்சவங்கள், பிறகு பேசினவங்கள்" என்றாள்.

நான் மெட்ராஸ்காரி. துப்பாக்கியோடு வந்தவர்கள் கதை சொல்லிவிட்டு அப்புறம் பேசினார்களா? அப்படியே இங்கிலீஷில் சொல்ல வாயெடுத்தவள், ஏதோ இடிக்கிறதே என்று திருப்பிக் கேட்டேன். அவள் ஊரில் கதைப்பது என்றால் பேசுவது; பேசுவது என்றால் திட்டுவது. ஒரு வார்த்தை பிசகினால் இவளைத் திருப்பி பிளேன் ஏற்றிவிடுவார்கள் என்று அப்போதுதான் உறைத்தது. நான் ஒவ்வொரு வார்த்தையையும் திருப்பித் திருப்பிக் கேட்பதைப் பார்த்து அவளும் கலங்கிவிட்டாள்.

"துவக்குக்குப் பயந்தது காணாதெண்டு இப்ப உங்கட தமிழுக்கும் பயப்பட வேணுமோ அக்கா?"

நெல் மூட்டைக்குப் பின்னால்

அவள் ஊர் வவுனியாவுக்கு அப்பால், எல்லைப்பக்கம். நடுவே ஒரு ரோடு. இந்தப் பக்கம் தமிழர் வீடுகள், எதிர்ப்பக்கம் சிங்களவர் வீடுகள். இரண்டு பக்கத்து வயலுக்கும் ஒரே குளத்துத் தண்ணீர். ஒரு காலையில் காட்டிலிருந்து வந்த தமிழ் ஆயுதக் கும்பல் எதிர்ப்பக்கத்தில் புகுந்து சுட்டது. எதிர்வீட்டு மூத்த மகன் செத்துப்போனான். மறுநாள் பழிவாங்க ஒரு சிங்களக் கும்பல் துப்பாக்கிகளோடு தமிழர் வீடுகளைக் கொளுத்திக்கொண்டு வந்தது.

சிவமலர் கைக்குழந்தையோடு ரோட்டைத் தாண்டி ஓடினாள். முதல் நாள்தான் மகனைப் பறிகொடுத்த அந்தச் சிங்கள அம்மாவே அவளை உள்ளே இழுத்து, நெல் மூட்டைகளுக்குப் பின்னால் தள்ளினாள். "பிள்ளை அழுதிடும் எண்டு வாயைப் பொத்துவன். மூச்சு நிண்டிடுமோ எண்டு கையை எடுப்பன். திருப்பிப் பொத்துவன்" என்றாள் சிவமலர். அதை இங்கிலீஷில் சொல்லும்போது என் கையும் என் வாய்க்குப் போயிருந்தது.

கேத்தி பேனாவைக் கீழே வைத்தாள். "நான் நம்புகிறேன். ஆனால் துரத்தியதும் சிங்களவர், காப்பாற்றியதும் சிங்களவர் என்றால் அசைலம் ஆபீசர் நம்புவாரா? சாட்சி வேண்டும்."

காரிடாரில் வந்தவன்

சாட்சியைக் கேத்தியே தேடிப் பிடித்தாள். அந்த அம்மாவின் இளைய மகன் சோமபால, ஸ்டேட்டன் ஐலண்டில் ஒரு ரெஸ்டாரண்டில் சமையல் வேலை. பெயரைக் கேட்டதும் சிவமலர் வெளுத்துப்போனாள். "அவன் வேண்டாம் அக்கா. என்னை வெளிய விடச் சொல்லித் தாயோட சண்டை பிடிச்சவன். மூட்டைக்குப் பின்னால இருந்து நான் அந்தச் சண்டையைக் கேட்டனான்." ஆனால் வேறு சாட்சி இல்லை.

அசைலம் இன்டர்வியூ அன்று அந்த ஆபீஸ் காரிடாரின் அந்தக் கோடியில் அவன், இந்தக் கோடியில் நாங்கள். "டென்ஷன் ஆகாதீங்க, நான் கூட இருக்கேன்ல" என்றேன். அவள் நகம் என் மணிக்கட்டில் பதிந்திருந்தது. திடீரென்று அவன் எழுந்து எங்களை நோக்கி நடந்து வந்தான். ஓடிவிடலாமா என்றுதான் எனக்குத் தோன்றியது. அவள் முன்னால் வந்து நின்று, சுத்தமான அவள் ஊர்த் தமிழில் கேட்டான்.

"பிள்ளை உயிரோட இருக்கோ?"

ஆபீசர் கேட்டது

பிள்ளை கிண்டர்கார்ட்டன் போகிறாள் என்று அவளுக்குப் பதில் நான்தான் சொன்னேன். அதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். சிங்கள மொழிபெயர்ப்பாளர் கிடைக்கவில்லை. தமிழே போதும் என்றான் சோமபால. ஆபீசர் நேராகக் கேட்டார்: "உன் அண்ணனைக் கொன்றது தமிழர்கள். இந்தத் தமிழ்ப் பெண்ணை ஏன் ஒளித்து வைத்தாய்?"

"நான் ஒளிக்கேல்ல. அம்மாதான் ஒளிச்சவ. நான் வெளிய விடச் சொன்னனான்."

இதை அப்படியே சொன்னால் கேஸ் போய்விடுமோ? சிவமலர் கண்ணை மூடிக்கொண்டாள். ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று சத்தியம் செய்திருந்தேனே, சொன்னேன். ஆபீசர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கும்பல் வந்து கேட்டதா என்றார். கேட்டது என்றான். என்ன பதில் சொன்னாய்? இங்கே யாரும் இல்லை என்று சொல்லிவிட்டானாம். ஏன் அப்படிச் சொன்னாய்?

அவன் தொப்பியைக் கையில் கசக்கிக்கொண்டே இருந்தான். "அம்மா என்னையே பாத்துக்கொண்டு நிண்டவ."

போனில்

சில வாரங்களில் அசைலம் கிடைத்துவிட்டது. சிவமலர் கேத்தியின் தோளில் சாய்ந்து வெகுநேரம் அழுதாள். அவனுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். தானே பேச அவளுக்கு இன்னும் தைரியம் வரவில்லை. ரெஸ்டாரண்டுக்குப் போன் செய்தேன். பின்னால் பாத்திரச் சத்தம். விஷயத்தைச் சொன்னதும் அந்தச் சத்தம் எட்டப் போனது; போனோடு ஒதுங்கிவிட்டான் போல.

"சந்தோசம் அக்கா. ஆனா நான் வந்து சொன்னது ஊரில ஒரு பக்கத்துக்கும் தெரிய வேண்டாம். அம்மா அங்க தனியத்தான் இருக்கிறா."

அடுத்தவர் சொல்வதைத் திருப்பிச் சொன்னால் போதும், சுலபமான வேலை என்று எனக்குச் சிபாரிசு செய்த புண்ணியவானை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.