ஆட்டக் கூடாத குழாய்

சோதனைக் குழாயைக் கண்ணுக்கு நேரே பிடித்து மெல்லச் சாய்க்கிறார். தூங்கும் குழந்தையைத் தோளிலிருந்து இறக்குகிற நிதானம். ஆஸ்பத்திரிச் சோதனைக்கூடத்தில் எல்லோருக்கும் அவர் அக்கா. தலைநரைத்த டாக்டருக்கும், பக்கத்து மேஜைக்காரனான எனக்கும்.

நோயாளியின் ரத்தத்தில் வளர்ந்த கிருமியை, ரத்த அணுக்களை நீக்கிய பிளாஸ்மாவில் கலந்து குழாயில் வெதுவெதுப்பாக வைப்பார். தண்ணீராகவே ஓடினால், பெரும்பாலும் தோலில் சும்மா கிடந்து ஊசியோடு ஒட்டிக்கொண்டு வந்த சாது. உறைந்துவிட்டால் வேறு ஆள்.

"அவன் கைவரிசையே அதான். பழுதான இதய வால்வா பாத்து ஒட்டிக்குவான். ரத்தத்தை உறையவச்சு அதையே போத்திக்கிட்டுப் படுத்துக்குவான். உடம்போட காவல்காரங்க பக்கத்துலயே நின்னாலும் அடையாளம் தெரியாது. இடத்தைக் கொடுத்தா மடத்தைப் பிடுங்குற ரகம்!"

கிருமிகளை 'அவன்' என்பார். கோபம் வந்தால் மனிதர்கள்தான் 'அது'. மாடியில் உட்காரும் மேலாளர் வருடம் முழுக்க 'அது'. வீட்டில் எண்ணெய்ப் புட்டியைக்கூடச் சாய்த்துப் பார்த்துவிட்டுத்தான் திறப்பாராம். அவருடைய தம்பி அதற்காகவே அவரைக் கேலி செய்வானாம்.

குழாயை ஆட்டுகிறவர்களை அவருக்கு அறவே ஆகாது. "ஆட்டுனா உறைஞ்சது உடைஞ்சிடும். கெட்டவனும் நல்லவன் மாதிரி ஓடுவான். அப்புறம் நாம சொல்றது பொய்யாயிடும்." இந்த வசவுக்குத் தப்பியவர் எங்களில் யாரும் இல்லை. நான் இரண்டு முறை வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

இன்று காலை அவர் கையில் இருந்தது அந்தத் தம்பியின் குழாய். சிறு வயதுக் காய்ச்சலில் வால்வு கெட்டுப்போனவன். காலில் வந்த கட்டியைத் தையல் ஊசியால் தானே குத்திக்கொண்டு, இப்போது மேல்மாடி வார்டில் குளிர்காய்ச்சலோடு படுத்திருக்கிறான்.

"குடுங்கக்கா, நான் பாக்குறேன்" என்றேன்.

"வேணாம். எவன் வந்திருக்கான்னு நானே பாத்துக்கறேன்."

சாய்த்தார். உள்ளே இருந்தது அசையவில்லை. அவர் குழாயை நிமிர்த்தி, இன்னொரு முறை சாய்த்தார். பிறகு அதைத் தாங்கியில் வைத்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தார்.

"உறைஞ்சிருக்கு டாக்டர். அவனேதான். மருந்தை இப்பவே மாத்திடுங்க. வால்வுல ஒட்டியிருக்கான்னு ஸ்கேன் எடுத்துப் பாத்துடுங்க." யாரோ ஒருவருடைய சோதனை முடிவைச் சொல்கிற அதே குரல். "ஆமா, தம்பிதான்" என்று கடைசியில் சொன்னார். எதிர்முனையில் கேட்டிருக்க வேண்டும்.

ரிசீவரை வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். தாங்கியிலிருந்து அந்தக் குழாயை மறுபடி எடுத்து, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, ஆட்டினார்.